ஒரே குடலில் இரண்டு திசுத்துண்டுகள்: சாட்டைப்புழுவும் மாறிப்போன டி செல்களும்

சாட்டைப்புழுவின் முட்டையை மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பழுப்பு நிறத்தில் குட்டிப் பீப்பாய் மாதிரி இருக்கும். இரண்டு முனையிலும் கண்ணாடி போன்ற ஓர் அடைப்பான். நீளம் சுமார் 50 மைக்ரான். மலப் பரிசோதனையில் இது கண்ணில் பட்டால் ரிப்போர்ட்டில் எழுதுவோம், நோயாளிக்குப் புழு மாத்திரை கொடுப்பார்கள், அத்தோடு விஷயம் முடிந்தது.

அந்த முட்டைகளை ஒருவர் 500 என்று எண்ணி வாங்கித் தெரிந்தே விழுங்கினார். மூன்று மாதம் கழித்து இன்னொரு 1000. நான் இங்கே பேசும் ஆய்வு அவரைப் பற்றியது. ஒட்டுண்ணிப் புழு உடலின் நோயெதிர்ப்பை எப்படி மாற்றுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வைத்தான் எடுத்துக்கொள்வேன். எலியில் பார்த்ததை மனிதரிலும் அப்படியே இருக்கும் என்று ஊகிக்கிற வேலை இதில் இல்லை. மனிதக் குடலிலிருந்தே திசு எடுத்து, செல்களைப் பிரித்து, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நோயாளியின் கதை

2003-இல் அவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று கண்டறிந்தார்கள். பெருங்குடலின் உட்சுவரில் புண்ணும் அழற்சியும் உண்டாகும் நீண்டகால நோய் இது. ரத்தம் கலந்த பேதி, அடக்க முடியாத அவசரம், வயிற்று வலி. உடலின் நோயெதிர்ப்பே குடல்சுவரைத் தாக்குவதால் வருவது. மருந்துகள் அவருக்குப் போதிய பலன் தரவில்லை. அடுத்த படி இன்னும் கடுமையான நோயெதிர்ப்பு அடக்கிகள், அதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலையே அகற்றும் அறுவை சிகிச்சை.

அவர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். குடற்புழு பரவலாக உள்ள நாடுகளில் இந்த நோய் குறைவாக இருப்பதும், அதைவைத்து நடந்துகொண்டிருந்த சோதனைகளும் அவர் கண்ணில் பட்டன. 2004-இல் தாய்லாந்தில் மனித சாட்டைப்புழுவின் முட்டைகளைப் பெற்று விழுங்கினார். எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததல்ல, அவரே எடுத்த முடிவு. 2005-இன் நடுவில் அறிகுறிகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. 2008-இல் நோய் திரும்பி வந்தது. மீண்டும் 2000 முட்டைகளை விழுங்கினார், மீண்டும் தணிந்தது.

இடையில் அவர் தன்னை ஆராயும்படி கேட்டு ஒட்டுண்ணி நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் பிங் லோக்கிடம் போனார். அவருடைய குழு வெவ்வேறு காலத்தில், குடலின் வெவ்வேறு இடங்களில் எடுத்த பயாப்ஸிகளை, அதாவது சோதனைக்காகக் கிள்ளி எடுத்த திசுத்துண்டுகளை, ஆராய்ந்தது. மாரா பிராட்ஹர்ஸ்ட் முதல் ஆசிரியராக, 2010-இல் சயன்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின் இதழில் கட்டுரை வெளிவந்தது.

இந்தக் காலக்கோட்டைப் புழுவின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். விழுங்கிய முட்டை குடலில் பொரித்து, புழு வளர்ந்து முட்டையிடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். எனவே விழுங்கிய மறுவாரமே சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அதற்குப் புழு காரணமாக இருக்க வழியில்லை. இன்னொன்று, இந்தப் புழு குடலுக்குள் பெருகாது. அது இடும் முட்டை வெளியே வந்து, ஈரமண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்தால்தான் தொற்றும் தன்மை பெறும். ஆக, விழுங்கிய முட்டையில் எத்தனை பிழைத்ததோ அத்தனை புழுதான். ஆண்டுகள் போகப் போக அவை ஒவ்வொன்றாகச் சாகும், எண்ணிக்கை குறையத்தான் செய்யும். 2005-இல் தணிந்து 2008-இல் திரும்பியது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பொருத்தம் புறக்கணிக்க முடியாதது.

திசு சொன்னது

வளர்ந்த சாட்டைப்புழு 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். நூல் போல் மெலிந்த முன்பகுதியைக் குடலின் மேற்பரப்புச் செல்களுக்குள்ளேயே நுழைத்துத் தைத்தது போல வைத்திருக்கும். தடித்த பின்பகுதி மட்டும் குடலின் உள்வெளியில் தொங்கும். கொலனோஸ்கோப்பியில், அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது, தெரிவது அந்த வெள்ளை வால்கள்தான். மேற்பரப்புச் செல்களுக்குள் ஒரு விலங்கு தலையை விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்கிறது, சுற்றியுள்ள திசு சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கவில்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

லோக் குழு புழு குடியேறிய பகுதியின் திசுவையும் அழற்சி மும்முரமாக இருந்த பகுதியின் திசுவையும் ஒப்பிட்டது. இரண்டும் ஒரே மனிதருடையவை. ஒரே மரபணு, ஒரே உணவு. இந்த ஆய்வின் பலமே அதுதான்.

அழற்சி இருந்த திசுவில் ஐஎல்-17 என்ற இன்டர்லூக்கினை, அதாவது செல்கள் தகவல் அனுப்பச் சுரக்கும் ஒரு புரதத்தை, வெளியிடும் உதவி டி செல்கள் நிறைந்திருந்தன. மற்ற நோயெதிர்ப்புச் செல்களை ஏவும் வெள்ளணுக்கள் இவை. ஐஎல்-17 ஓர் அபாய மணி. அது அடித்தால் நியூட்ரோபில்கள் என்ற தாக்கும் வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடிவரும். கிருமி உள்ளே புகுந்திருந்தால் அது தேவைதான். ஆனால் மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், வந்தவர்கள் மிதித்தே சுவர் சிதையும். அதைவிட முக்கியமான ஒன்று, அந்த டி செல்கள் ஐஎல்-22-ஐச் சுரக்கவில்லை.

ஐஎல்-22 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரும்பாலான இன்டர்லூக்கின்கள் ஒரு நோயெதிர்ப்புச் செல் இன்னொரு நோயெதிர்ப்புச் செல்லுக்கு அனுப்பும் தகவல்கள். ஐஎல்-22 அப்படியல்ல. அதைப் பிடிக்கும் ஏற்பி டி செல்லிலும் கிடையாது, கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லிலும் கிடையாது. தோல், குடல் போன்ற உறுப்புகளின் மேற்பரப்புச் செல்களில்தான் உண்டு. ‘சுவரைப் பூசு, ஓட்டையை அடை, கிருமியைக் கொல்லும் புரதத்தைச் சுர’ என்று டி செல் நேராகச் சுவருக்கே கொடுக்கும் கட்டளை அது. அழற்சி பிடித்த பகுதியில் மணி அடிக்க ஆள் இருந்தது, கொத்தனாரைக் கூப்பிட ஆள் இல்லை.

புழு வந்து நோய் தணிந்த பிறகு எடுத்த திசுவில் ஐஎல்-22 சுரக்கும் உதவி டி செல்கள் சேர்ந்திருந்தன. புழுவை எதிர்க்க வரும் டிஎச்2 வகை உதவி டி செல்களின் சுரப்பும் தெரிந்தது. சளியைச் சுரக்கும் கோப்பைச் செல்கள் பெருகியிருந்தன, சளியும் கூடியிருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் முதலில் தேய்வது இந்தச் சளிப்படலம்தான். அது மெலிந்தால் குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் சுவரைத் தொட்டுவிடும், அங்கிருந்து அழற்சி மேலும் மூளும். சளி திரும்பினால் பாக்டீரியா தள்ளி நிற்கும், மணி அடிக்கும் காரணமே குறையும்.

மரபணு அளவிலும் பார்த்தார்கள். புழு இருந்த திசுவில் மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றின் வளர்சிதை மாற்றத்துக்கான மரபணுக்கள் உயர்ந்திருந்தன. அழற்சித் திசுவில் ஐஎல்-17, ஐஎல்-13ஆர்ஏ2, சிஹெச்ஐ3எல்1 ஆகிய மூன்று மரபணுக்களும் தூக்கலாக இருந்தன. இதில் நடுவில் உள்ளதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

புழு எதற்கு இப்படிச் செய்கிறது?

புழுவும் பாக்டீரியாவும் உடலுக்கு ஒரே மாதிரி எதிரிகள் இல்லை. பாக்டீரியாவை ஒரு மேக்ரோபேஜ் விழுங்கிவிடலாம். 4 சென்டிமீட்டர் புழுவை எந்தச் செல் விழுங்கும்? எனவே பரிணாமம் வேறு வழி கண்டது. சுவரை வழுக்கலாக்கு, சளியைக் கொட்டு, மேற்பரப்புச் செல்களை வேகமாகப் புதுப்பித்துப் புழுவை வெளியே தள்ளு, புழு துளைத்த இடத்தை உடனே ஆற்று. இதுதான் டிஎச்2 வழி. ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 என்ற மூன்றும் இதன் கருவிகள். ஐஎல்-5 ஈசினோபில்கள் என்ற புழு எதிர்ப்பு வெள்ளணுக்களைக் கூட்டும். ஐஎல்-4, பி செல்களை ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைத் தயாரிக்கச் சொல்லும், மேக்ரோபேஜ்களைச் சண்டைக் குணத்திலிருந்து ஆற்றும் குணத்துக்கு மாற்றும். ஐஎல்-13 கோப்பைச் செல்களைப் பெருக்கும்.

இதை ஆரம்பித்து வைப்பது டி செல் இல்லை, சுவரே. சிறுகுடலில் டஃப்ட் செல் என்ற அரிய வகை மேற்பரப்புச் செல் ஒட்டுண்ணியின் வருகையை உணர்ந்து ஐஎல்-25-ஐ வெளியிடுகிறது, அது ஐஎல்சி2 என்ற உள்ளார்ந்த செல்களை எழுப்பி ஐஎல்-13 சுரக்க வைக்கிறது என்று 2016-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காட்டின.

புழுவும் சும்மா இருப்பதில்லை. எலியின் சாட்டைப்புழு அதிகமாகச் சுரக்கும் புரதம் பி43. அது ஐஎல்-13-ஐயே பிடித்துக் கட்டிப்போடுகிறது என்று 2019-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று வெளியிட்டது. தன்னை வெளியேற்ற வரும் ஆணையைப் புழு வழியிலேயே மடக்குகிறது. இன்னொரு எலிக் குடற்புழு, அழற்சியைத் தணிக்கும் நம் டிஜிஎஃப்-பீட்டாவைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரந்து, ஒழுங்குபடுத்தும் டி செல்களை, அதாவது மற்ற டி செல்களைக் கட்டுக்குள் வைப்பவற்றை, உண்டாக்குகிறது. யானைக்கால் புழு உள்ளவர்களிடம் அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10-உம் ஐஜிஜி4 என்ற ஆன்டிபாடியும் உயர்ந்திருப்பது பல காலமாகத் தெரிந்ததே.

இதையெல்லாம் பாடப்புத்தகங்கள் ‘புழு நோயெதிர்ப்பை அடக்குகிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நோயாளியின் திசுவைப் பாருங்கள். டி செல்கள் அங்கே வேறு வேலையில் மும்முரமாக இருந்தன. அடக்கம் என்ற சொல் அந்தக் காட்சிக்குப் பொருந்தவே இல்லை. தாக்கும் வேலையிலிருந்து ஆற்றும் வேலைக்கு நோயெதிர்ப்பு திருப்பிவிடப்பட்டது என்பதே சரி. இது சொல் விளையாட்டு இல்லை. அடக்குவதுதான் வழி என்று நினைத்தால் இன்னும் வலிமையான அடக்கியைத் தேடுவோம். திருப்புவதுதான் வழி என்றால் சுவரை ஆற்றும் கட்டளை எங்கே அறுபட்டது என்று தேடுவோம்.

முரண்டு பிடிக்கும் ஐஎல்-13

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2004-இல், அதாவது நம் நோயாளி முட்டை விழுங்கிய அதே ஆண்டு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளின் குடலில் ஐஎல்-13 அதிகமாகச் சுரக்கிறது, அது மேற்பரப்புச் செல்களைச் சேதப்படுத்துகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. அது உண்மையானால் டிஎச்2-வைத் தூண்டும் புழு நோயை மோசமாக்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

பின்னர் ஐஎல்-13-ஐத் தடுக்கும் இரண்டு ஆன்டிபாடி மருந்துகளை இந்த நோயில் சோதித்தார்கள். 2015-இல் முடிவுகள் வந்தன, இரண்டுமே முக்கிய இலக்கை எட்டவில்லை. ஐஎல்-13-தான் வில்லன் என்ற கதை அதோடு பலவீனமானது.

இப்போது ஐஎல்-13ஆர்ஏ2-வுக்கு வருவோம். அது ஐஎல்-13-ஐப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வழக்கமான செய்தியைச் செல்லுக்குள் அனுப்பாது. பொறி போன்ற ஏற்பி என்பார்கள். அழற்சித் திசுவில் அது உயர்ந்திருந்தது. எனவே அங்கே ஐஎல்-13 வந்தாலும் கோப்பைச் செல்லின் காதில் விழாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஐஎல்-13 எவ்வளவு சுரக்கிறது என்பதோடு, அதை யார் கேட்கிறார்கள் என்பதையும் அளக்க வேண்டும். இது என் வாசிப்பு, ஒரே நோயாளியின் திசுவை வைத்து இதை முடிவாகச் சொல்ல முடியாது.

சந்தேகங்கள்

ஒரே ஒரு மனிதர். ஒப்பிட வேறு யாரும் இல்லை. இந்த நோய் தானாகவே தணியும், தானாகவே திரும்பும். ரொம்ப மோசமான கட்டத்தில்தான் யாரும் புழு முட்டை விழுங்கும் அளவுக்குப் போவார்கள், அந்தக் கட்டத்துக்குப் பிறகு எதைச் செய்தாலும் கொஞ்சம் மேலாகத்தான் தெரியும். இரண்டு சுற்று முட்டை, இரண்டு முறை தணிவு என்பது தற்செயலின் வாய்ப்பைக் குறைக்கிறது, ஒழிக்கவில்லை.

திசு ஒப்பீட்டிலும் ஓட்டை உண்டு. ஒப்பிட்ட திசுக்கள் குடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. பெருங்குடலின் தொடக்கப் பகுதியும் கடைசிப் பகுதியும் இயல்பிலேயே ஒன்றல்ல, அவற்றின் மரபணுச் செயல்பாடு வேறு. வளர்சிதை மாற்ற மரபணுக்கள் உயர்ந்திருந்ததற்குப் புழு காரணமா, அந்த இடத்தின் இயல்பா, அழற்சி இல்லாத எந்தத் திசுவும் அப்படித்தான் இருக்குமா? மூன்றையும் இந்தத் தரவு பிரித்துக் காட்டாது. ஐஎல்-22 செல்கள் சேர்ந்தது மட்டும் எனக்கு வலுவாகப் படுகிறது. அவற்றை நேரடியாக எண்ணியிருக்கிறார்கள், எண்ணிக்கையும் நோயின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து போயிருக்கிறது.

அக்கம்பக்க ஆதாரங்கள்

அர்ஜென்டினாவில் கொரியாலேயும் ஃபாரெஸும் 2007-இல் வெளியிட்ட ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். நோயெதிர்ப்பே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களில் இயற்கையாகவே குடற்புழு தொற்றிய 12 பேர், தொற்றாத 12 பேர். சராசரியாக 4.6 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தொற்றாதவர்களுக்கு மொத்தம் 56 முறை நோய் கிளர்ந்தது, தொற்றியவர்களுக்கு 3 முறை. தொற்றியவர்களின் ரத்தத்தில் ஐஎல்-10-உம் டிஜிஎஃப்-பீட்டாவும் சுரக்கும் செல்கள் அதிகம், அழற்சியைத் தூண்டும் ஐஎல்-12-உம் இன்டர்ஃபெரான்-காமாவும் குறைவு. பிறகு அவர்களில் 4 பேருக்குப் புழுத்தொல்லை தாங்காமல் மாத்திரை கொடுக்க நேர்ந்தது. புழு போனது, நோய் மீண்டும் கிளர்ந்தது, ஒழுங்குபடுத்தும் டி செல்களும் குறைந்தன. இதை 2011-இல் எழுதினார்கள். புழு இருப்பதும் போவதும் ஒரே ஆளில் நடந்ததால் இந்த 4 பேரின் கதை அந்த 24 பேரின் கணக்கைவிட எனக்குக் கனமாகத் தெரிகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பன்றிச் சாட்டைப்புழு முட்டையை வைத்து 2005-இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 54 பேரிடம் நடந்த சோதனையில், முட்டை குடித்தவர்களில் 43 சதவீதம் பேர் தேறினார்கள், போலி மருந்து குடித்தவர்களில் 17 சதவீதம். நம்பிக்கை ஏறியது. ஆனால் குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன் நோயில் சுமார் 250 பேரை வைத்து நடந்த பெரிய சோதனை 2013-இல் தோற்றது. புழுவால் எந்தப் பயனும் இல்லை என்று அதோடு மூடிவிட்டவர்கள் அவசரப்பட்டதாகவே நினைக்கிறேன். பன்றிப்புழு மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறாது, அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கொடுத்தார்கள். நம் நோயாளியின் குடலில் இருந்தது தலையைத் திசுவுக்குள் தைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த புழு. இரண்டும் ஒரே சோதனை அல்ல.

லோக் அதன் பிறகும் இதே கேள்வியைத் தொடர்ந்தார். நாள்பட்ட பேதியால் அவதிப்பட்ட 5 இளம் மகாக் குரங்குகளுக்கு மனித சாட்டைப்புழு முட்டை கொடுத்ததில் 4 தேறின. குடல்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பாக்டீரியாவும் குறைந்தது. 2016-இல் ஆய்வாளர் கென் கேட்வெல்லோடு சேர்ந்து வெளியிட்ட எலி ஆய்வில், புழுவுக்கு எதிரான டிஎச்2 பதிலே குடல் பாக்டீரியாவின் கலவையை மாற்றுகிறது, அழற்சியைத் தூண்டும் ஒரு பாக்டீராய்டிஸ் இனம் வெளியேறி அந்த இடத்துக்கு குளோஸ்ட்ரிடியா வகை வருகிறது என்று காட்டினார்கள். மலேசியாவில் ஒராங் அஸ்லி பழங்குடி மக்களிடம் புழு மாத்திரைக்குப் பிறகு இதற்கு நேரெதிரான மாற்றம் தெரிந்தது. சளியும் பாக்டீரியாவும் டி செல்லும் ஒன்றையொன்று இழுக்கும் வளையம் என்ற எண்ணத்துக்கு முதல் தடயம் 2010-இல் அந்த ஒரு மனிதரின் திசுவில் கிடைத்தது.

இதன் விலை

உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் புழுத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தாங்களாகக் கேட்டு வாங்கியதல்ல. சாட்டைப்புழு மிகுந்தால் குழந்தைக்கு ரத்தசோகை வரும், வளர்ச்சி நின்றுபோகும், சில குழந்தைகளுக்கு மலக்குடல் வெளியே பிதுங்கும். டி செல்கள் ஆற்றும் வேலைக்குத் திரும்பினால் வேறு சண்டைகளில் ஆள் குறையும். எத்தியோப்பியாவில் புழு மாத்திரை கொடுத்த பிறகு காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டவர்களிடம், மாத்திரை இல்லாமல் போட்டவர்களைவிட டி செல்களின் பதில் வலுவாக இருந்தது. காசநோய்க்கு எதிராக வேண்டியது செல்லுக்குள் ஒளியும் கிருமியைத் தாக்கும் டிஎச்1 வழி, புழு இழுப்பது டிஎச்2 வழி.

குடல் நோயால் அவதிப்படுகிறவர்கள் ‘முட்டை எங்கே கிடைக்கும்?’ என்று கேட்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை ராத்திரி கழிப்பறையில் கழிந்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மனித சாட்டைப்புழு முட்டை இன்னொரு மனிதரின் மலத்திலிருந்துதான் வரும், கூடவே வேறு கிருமியும் வரலாம். எத்தனை புழு பிழைக்கும் என்பது யார் கையிலும் இல்லை. எலியில் ஒரே இனப் புழுவே குறைந்த எண்ணிக்கையில் கொடுத்தால் டிஎச்1 பக்கம் சாய்ந்து நாள்பட்ட தொற்றாகிறது, நிறையக் கொடுத்தால் டிஎச்2 எழுந்து வெளியே தள்ளுகிறது. மனிதருக்கு அந்த எல்லைக்கோடு எங்கே என்று யாரும் அளக்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்கிறேன். குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இன்னொரு குடற்புழுவுக்குப் பரிசோதனை செய்தீர்களா? சாட்டைப்புழுவைப் போல அல்லாமல் அது உடலுக்குள்ளேயே பெருகும், அறிகுறியே இல்லாமல் பல பத்தாண்டுகள் தங்கும். ஈசினோபில்களும் டிஎச்2 செல்களும் அதை அந்த அளவிலேயே பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்தினால், இளம்புழுக்கள் குடலைத் துளைத்து நுரையீரல் வரை பரவி உயிரையே எடுக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஐவர்மெக்டின் மாத்திரையில் தீர்ந்துவிடும். ஆனால் முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்பே யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.